கைக்காசில் ஒரு போலீஸ் படிப்பு

நம் ஊரில் ஒருவர் "போலீஸ் வேலைக்குக் காசு கட்டினேன்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதனால், கலிபோர்னியாவில் போலீஸ் அகாடமியில் சேர ஃபீஸ் கட்டிவிட்டேன் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எவன்கிட்டலே கட்டுனே? ரசீது குடுத்தானா?"

ரசீது கொடுத்தார்கள். கம்யூனிட்டி காலேஜ் ரசீது, பாட அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்று கணக்குப் போட்டு. இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் சமையல் படித்தாலும் சரி, கணக்கு எழுதப் படித்தாலும் சரி, கைவிலங்கு மாட்டப் படித்தாலும் சரி, அரசுக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட் கட்டணம் ஒன்றுதான். 2012-லிருந்து அது மாறவில்லை. மற்றச் செலவுகள் வேறு கதை. அதற்கு வருகிறேன்.

இங்கே போலீஸ் ஆவதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு நகரப் போலீஸ் துறையோ மாவட்டப் போலீஸான கவுண்டி ஷெரிஃப் அலுவலகமோ உங்களை வேலைக்கு எடுத்து, சம்பளமும் கொடுத்து அகாடமிக்கு அனுப்பும். இரண்டாவது, யாரும் எடுக்காமலேயே நீங்களாகப் பணம் கட்டி அகாடமியை முடித்துச் சான்றிதழோடு போய்க் கதவைத் தட்டுவது. அதையும் வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. வார நாட்களில் சில மாலைகள், சனிக்கிழமை முழுக்க, சில ஞாயிறுகள் என்று நீட்டி நீட்டிப் படிக்கும் வகுப்புகள் உண்டு. பகலில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கும் என்னைப் போன்றவனுக்கு அது ஒன்றுதான் வழி.

தமிழ்நாட்டில் இந்த இரண்டாவது வாசலே கிடையாது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வு வைக்கும், உடல் அளக்கும், ஓட விடும், அப்புறம்தான் பயிற்சிக்கு அனுப்பும். பயிற்சிக் காலத்தில் காசு கொடுப்பதும் அரசுதான். தேர்வு முதலில், பயிற்சி பின்னால். இங்கே நான் நுழைந்த வழியில் வரிசை தலைகீழ். பயிற்சி முதலில், பணம் அதற்கும் முதலில், தேர்வு எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் நல்லதும் கெட்டதும் எல்லாமே கிளம்புகின்றன என்பது படித்து முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது.

ஊரில் அந்த முதல் வாசலில் நானும் நின்றிருக்கிறேன். கல்லூரி முடித்த வருடம், பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். இரண்டுக்கும் மாதக்கணக்கில் பழகியிருந்தேன். ஓடுவதற்கு முன்னால் உயரம் அளந்தார்கள். ஆணுக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும். எனக்கு இரண்டு குறைவு. கம்பியில் தலை முட்டுகிறதா என்று பார்த்த ஏட்டையா, "தம்பி, அந்தப் பக்கம் போப்பா" என்று வெளிவாசலைக் காட்டினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட உயரக் கட்டுப்பாடு பெரும்பாலும் ஒழிந்துபோனதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அலபாமா சிறையில் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் வழக்குப் போட்டார். இந்த அளவுகள் பெண்களைத்தான் பெருவாரியாக வடிகட்டுகின்றன, வேலைக்கு இவை தேவை என்று மாநிலம் நிரூபிக்கவில்லை என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டொத்தார்ட் எதிர் ராலின்சன் வழக்கு. அந்தப் பெண்மணி தெரியாமலேயே எனக்கும் சேர்த்து வழக்காடியிருக்கிறார்.

பகுதிநேர அகாடமி என்பது என்னைப் போன்ற ஐடிக்காரனின் ஆசையைத் தீர்க்க வந்ததல்ல. கலிபோர்னியாவில் ரிசர்வ் போலீஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாத்தியார், பிளம்பர், வக்கீல் என்று வேறு தொழில் பார்ப்பவர்கள் வார இறுதிகளில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ரோந்து போவார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, இருந்தாலும் பேருக்குத்தான். இவர்களில் மூன்று படிகள். மூன்றாம் படிக்காரர் துணை வேலைகள் மட்டும் பார்க்கலாம். இரண்டாம் படிக்காரர் முழு அதிகாரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் ரோந்து போகலாம். முதல் படிக்காரர் தனியாகவே போகலாம். அதற்கேற்றபடி அகாடமியையும் மூன்று துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் தொடங்கி ஒன்றில் முடியும். மூன்றையும் முடித்தால் பகல்நேர அகாடமியில் படித்தவருக்குச் சமம். பணம் கட்டுபவனுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம், துண்டு துண்டாகக் கட்டலாம். முதல் துண்டு முடிந்ததும் "இது நமக்கு ஒத்துவராது" என்று தோன்றினால் அதோடு நின்றுகொள்ளலாம். எங்கள் வகுப்பில் அப்படி நின்றவர்கள் உண்டு.

போலீஸ்காரனைக் கல்லூரியில் உட்கார வைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதுமல்ல. பெர்க்லியில் ஆகஸ்ட் வோல்மர் என்ற போலீஸ் தலைவர் 1908-லேயே காவலர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர். சான் ஹோசே கல்லூரியில் 1930-இல் போலீஸ் படிப்பு தொடங்கியது. பிறகு 1959-இல் மாநிலம் முழுவதற்கும் போலீஸ் பயிற்சியின் தரத்தை வகுக்கும் போஸ்ட் என்ற ஆணையத்தை அமைத்தார்கள். அடிப்படைப் பயிற்சிக்கு இன்று அது விதித்திருக்கும் குறைந்தபட்சம் 664 மணி நேரம். பல அகாடமிகள் அதற்கு மேலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் வாங்குகின்றன.

சரி, உள்ளே நுழைவது எப்படி? படிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்று ஒரு தேர்வு. இதில் இலக்கணமும் எழுத்துப்பிழையும் பார்ப்பார்கள், நம் ஆட்கள் அநாயாசமாகத் தேறிவிடுவார்கள். அப்புறம் மருத்துவச் சான்று, டிரைவிங் லைசென்ஸ், கைரேகை. வேலைக்கு எடுத்த துறை என்று எதுவும் பின்னால் இல்லாதவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி தொடத் தடையில்லை என்று மாநில நீதித் துறையிடமிருந்து கடிதம் வர வேண்டும். அது வராமல் வகுப்பில் உட்கார முடியாது.

"நானும் சேரலாமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக ஒன்று. கலிபோர்னியாவில் போலீஸ் ஆக அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டிய கட்டாயம் 2023 ஜனவரியோடு போய்விட்டது, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். ஆனால் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே எச்1பி-காரர்கள் இப்போதைக்கு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். கிரீன் கார்டு கைக்கு வரட்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும் என்பதை நம்மில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு. யூனிட் கட்டணம் அதில் சின்னப் பங்குதான். யூனிஃபார்ம் இரண்டு செட், உடற்பயிற்சிக்குத் தனி உடை, பூட்ஸ், இடுப்பில் சுற்றும் டியூட்டி பெல்ட், அதில் மாட்டும் உறை, கைவிலங்கு, டார்ச். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு. சுடும் பயிற்சிக்குத் தோட்டா. துப்பாக்கியை மட்டும் அகாடமியே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. எல்லாம் சேர்த்து எனக்கு ஐயாயிரம் டாலரை நெருங்கியது. பெல்ட் மட்டும் புதிதாக வாங்காமல், முன்னால் படித்த ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். இடுப்பளவு ஒத்துப்போனது என் அதிர்ஷ்டம்.

ஐயாயிரம் டாலர் எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டு வாடகையைத் தொடவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் அப்படியில்லை. எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பையன் இரவில் மாலில் செக்யூரிட்டி வேலை. பத்து மணிக்கு வகுப்பு முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேராக வேலைக்குப் போவான். பின்வரிசையில் ஒரு பெண், பல் டாக்டரிடம் உதவியாளர். குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருவார். தங்கைக்கு வேலை நேரம் மாறிய வாரத்தில் இவருக்கு இரண்டு வகுப்பு போயிற்று. தவறிய மணி நேரத்தை எப்படியும் ஈடுகட்டியாக வேண்டும், இது வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டால் தீர்கிற விஷயமல்ல. ராணுவத்திலிருந்து வந்த ஒருவருக்கு மட்டும் முன்னாள் படைவீரர் கல்வி உதவியில் செலவு பெரும்பகுதி கழிந்தது. வகுப்பிலேயே வேகமாக ஓடக்கூடியவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். அவனுடைய காரில் கியர்பாக்ஸ் போயிற்று. அதைச் சரிசெய்தால் அடுத்த பகுதிக்குக் கட்டப் பணமில்லை, சரிசெய்யாவிட்டால் வகுப்புக்கு வர வண்டியில்லை. அவன் வராமலேயே போனான். படிப்பில், ஓட்டத்தில், ஒழுங்கில் எதிலும் என்னைவிட ஒரு படி மேல்தான் அவன். மாதச் சம்பளமும் ஆபீஸில் பேசிச் சமாளிக்கிற வசதியும் இருந்ததால் நான் நின்றேன். கைக்காசு வழியில் முதல் வடிகட்டி இதுதான், இதை எந்தக் கையேட்டிலும் எழுதுவதில்லை. முதல் வாசலில் போயிருந்தால் அவனுக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்திருப்பார்கள். சான்பிரான்சிஸ்கோவில் தொடக்கச் சம்பளமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். அந்த வாசலில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இந்தப் பக்கம் வந்தவன் அவன்.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. சம்பளம் கொடுத்து அனுப்பும் துறை எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. வேண்டாமென்று ஒருநாள் தோன்றினால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். எந்த ஊரில் வேலை கேட்பது என்பதும் என் விருப்பம். அதைவிட முக்கியம், ஆத்திரத்தில் யாராவது என் முகத்துக்கு நேரே கத்தினால் நான் எப்படிப்பட்டவன் ஆகிறேன் என்பதை, யார் உயிரும் என் கையில் இல்லாத நேரத்திலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது.

கத்துவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதவிப் பெயர் ஆர்டிஓ. லைசென்ஸ் கொடுக்கும் ஆர்டிஓ இல்லை, ரெக்ரூட்டுகளை வறுத்தெடுக்கும் பயிற்சி அதிகாரி. ரெக்ரூட்டைக் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர் அல்லவா? ஆக, அணிவகுப்பு மைதானத்தில் மாலை தோறும் அதட்டல் வாங்கியது அப்பாதான். பூட்ஸில் தூசியா, அப்பா பெயர். சட்டை மடிப்பு கோணலா, அப்பா பெயர். அதுவும் பாதி எழுத்தை முழுங்கிவிட்டு. விஷயத்தைச் சொன்னபோது அவர், "நான் முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல இருந்தேன், ஒரு இன்ஸ்பெக்டர்கூட என்னப் பேரு சொல்லிக் கூப்டதில்ல பாத்துக்கோ" என்று வருத்தமும் சிரிப்புமாகச் சொன்னார்.

வயர்லெஸ் பயிற்சியில் அதே பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆபீஸ் போன் கால்களில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லிப் பழகிய நாக்கு. கலிபோர்னியா போலீஸுக்கு அது செல்லாது. இங்கே ஆடம், பாய், சார்ல்ஸ், டேவிட். எல் என்றால் லீமா இல்லை, லிங்கன். என் என்றால் நவம்பர் இல்லை, நோரா. வேல் என்று தொடங்கும் எங்கள் அப்பா "விக்டர், எட்வர்ட், லிங்கன்" என்று மூன்று வெள்ளைக்காரர்களாகி அலைவரிசையில் போனார். காரில் வரும்போது முன்னால் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை இப்படி வாய்விட்டுப் படித்துப் பழகினேன். பின் சீட்டிலிருந்த என் ஆறு வயது மகள் என்னைவிட முந்திக்கொண்டு கற்றுவிட்டாள்.

கடைசிப் பகுதியில் உடல் தேர்வு. 99 கெஜத் தடை ஓட்டம். 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுத்துச் செல்ல வேண்டும். 6 அடிக் கம்பிவேலி, 6 அடிச் சுவர், முடிவில் 500 கெஜ ஓட்டம். எல்லாவற்றுக்கும் புள்ளிகள் போட்டுக் கூட்டி 384 வர வேண்டும். உயரம் அளக்காத ஊரில் எனக்கென்று காத்திருந்தது அந்தச் சுவர். வழுவழுவென்று, கால் வைக்க ஒரு பிளவு இல்லாமல், என் தலைக்கு மேல் அரை அடி. கையால் தொங்கி ஏறப் பார்ப்பவர்கள் எல்லோரும் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஓடி வந்த வேகம் குறையாமல் ஒரு பாதத்தைச் சுவரின் நடுப்பகுதிக்குக் கீழே அழுத்தி, அந்த உந்தலிலேயே இரண்டு கைகளையும் மேல் விளிம்பில் போட்டு, உடனே ஒரு முழங்கையை அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். முழங்கை தாண்டிவிட்டால் இடுப்பு தானாக வரும். வேகம்தான் பாதி வேலை. சுவர் நெருங்க நெருங்கக் கால் தானாக நடையைக் குறைக்கப் பார்க்கும், அதை அடக்குவதுதான் மீதிப் பாதி. எங்கள் வகுப்பில் ஆறடி மூன்றங்குல ஆள் ஒருவர் கடைசிவரை தொங்கினார். முழங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தபின் எனக்கு அது பிடிபட்டது. சுவரின் அந்தப் பக்கம் குதித்ததும் இன்னும் 25 கெஜம் ஓட வேண்டும். அதனால் நின்று சந்தோஷப்பட நேரமில்லை.

வகுப்பறையில் நான் எதிர்பாராத இடத்தில் சுலபமாக இருந்தது அறிக்கை எழுதுவது. பகலில் நான் எழுதும் பிழை அறிக்கையின் விதிகள்தான் அங்கேயும். என்ன செய்தாய், எதைப் பார்த்தாய், எந்த வரிசையில். "அந்த நபர் பதற்றமாக இருந்தார்" என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். நெற்றியில் வியர்வை இருந்ததா, எழுது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னாரா, இரண்டையும் எழுது. பதற்றம் என்று முடிவு செய்ய வேண்டியது படிக்கிறவர். பத்து வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. மைதானத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த இளவட்டங்கள் இதற்கு மட்டும் என் மேஜைக்கு வந்தார்கள்.

பலப்பிரயோகம் பற்றிய வகுப்புதான் எல்லோரையும் வாயடைக்க வைத்தது. கிரஹாம் எதிர் கானர், 1989. எந்த அளவு பலம் நியாயமானது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் எடைபோடும் தராசு அதுதான். வழக்குக்கு மூல காரணம் சர்க்கரை வியாதி. வடக்கு கரோலினாவில் கிரஹாம் என்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. நண்பரின் காரில் போய் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடுகிறார். வரிசை நீளமாக இருக்கிறது. அதே வேகத்தில் வெளியே ஓடி வந்து காரில் ஏறுகிறார். பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை நிறுத்துகிறார்கள், கைவிலங்கு மாட்டுகிறார்கள், சர்க்கரை வியாதி அட்டை பர்ஸில் இருக்கிறது, பார் என்கிறார், கேட்கவில்லை. கால் எலும்பு முறிகிறது. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தபின் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த இடத்தில் நின்ற நியாயமான அதிகாரியின் கண்ணால்தான் பார்க்க வேண்டும், நடந்து முடிந்ததை வைத்துப் பின்னாலிருந்து தீர்ப்பு சொல்லக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கலிபோர்னியா 2020-லிருந்து உயிர்பறிக்கும் பலத்துக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல் வைத்திருக்கிறது. உயிரைக் காக்க அவசியமென்றால் மட்டுமே.

எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா, மாமா மூவருக்கும் சர்க்கரை. வாய் குழறி, கை நடுங்கி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும் அந்த நிலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடித்திருக்கிறார் என்றே எவரும் நினைப்பார். வகுப்பில் அதை விவரித்தபோது பயிற்சியாளர் என்னை எழுந்து முன்னால் வந்து சொல்லச் சொன்னார். கொடுத்த காசுக்கு அன்றைக்கு நானும் கொஞ்சம் பாடம் நடத்தினேன்.

சான்றிதழ் வாங்கியாயிற்று. வேலை? அது இனிமேல்தான். இந்தச் சான்றிதழ் விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான், அதற்கும் ஆயுள் மூன்று வருடம். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால், மறுபடி தகுதிப் பயிற்சி, மறுபடி ஃபீஸ். பின்னணி விசாரணை, உளவியல் சோதனை, பல துறைகளில் பொய் கண்டறியும் கருவி, எல்லாம் இப்போதுதான் தொடங்கும். ஐயாயிரம் டாலரும் ஏறக்குறைய ஒரு வருடமும் கொடுத்து முடித்தபின், கடனைச் சரியாகக் கட்டாத பழைய கிரெடிட் கார்டு ஒன்றுக்காகக் கழற்றிவிடலாம். என்னைக் கேட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த விசாரணைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள் என்பேன். போஸ்ட் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வாங்கிய டிராஃபிக் அபராதங்கள், மாமனார் மாமியார்வரை கேட்கிறது. அதை நிரப்பும்போது எங்கேயாவது பேனா நின்றால், அங்கே விசாரிப்பவரும் நிற்பார்.

நான் முழுநேர வேலை கேட்கவில்லை. பக்கத்துச் சிறிய நகரம் ஒன்றில் ரிசர்வ் அதிகாரிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மாதத்துக்குக் குறிப்பிட்ட மணி நேரம், வார இறுதிகளில். முதலில் அனுபவமுள்ள அதிகாரியின் பக்கத்துச் சீட்டில் களப்பயிற்சி. துப்பாக்கி வீட்டுக்குள் வருவதைப் பற்றி மனைவிக்கும் எனக்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. "பாப்பா கைக்கு எட்டாத இடம்னு இந்த வீட்ல எது இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்கிறார். பூட்டுப்பெட்டி என்கிறேன். மேலே பேசவில்லை.

போன வாரம் விசாரணை அதிகாரி என் ஆபீஸ் மேலாளரைக் கூப்பிட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். நான் நேரத்துக்கு வருவேனா, கோபப்படுவேனா, குடிப்பேனா, யாரையாவது மட்டமாகப் பேசியிருக்கிறேனா. முடிந்ததும் மேலாளர் என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார். விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் சொன்னதாகச் சொன்னார். பிறகு நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ரிலீஸ்களுக்கு இனிமேல் யாரைப் போடுவது என்று கேட்டார். இரண்டு பேர் பெயர் சொல்லியிருக்கிறேன், அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.